மண்ணூர்பேட்டை மாயாவி

இரும்புக்கை மாயாவிக்கு உடம்பில் மின்சாரம் பாய வேண்டும். பாய்ந்ததும் ஆள் மறைந்துபோவார், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். எங்கள் மண்ணூர்பேட்டை காமிக்ஸ்காரருக்கு மின்சாரமே தேவையில்லை. "அந்த புக்கை ரெண்டு நாளைக்குக் குடுங்க சார், படிச்சிட்டுத் தந்துடறேன்" என்று ஒருமுறை கேட்டால் போதும், ஆள் மறைந்துவிடுவார். கை மட்டும் தெரியும். அதுவும் உங்களிடம் ஏதாவது இருந்தால் வாங்கிக்கொள்ள நீட்டிய கை.

ஒருவரைச் சொல்வதுபோல எழுதினாலும் இவர் ஓர் ஆள் அல்லர். பாடி மேம்பாலத்தைத் தாண்டி அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் போனால் ரெண்டு தெருவுக்கு ஒருவராவது தட்டுப்படுவார். ஆவடியில் உண்டு, பூந்தமல்லியில் உண்டு. வயது ஐம்பதுக்கு மேல். எஸ்டேட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் உத்தியோகம், பெரும்பாலும் 'குவாலிட்டி'யில். இத்தனை குவாலிட்டிக்காரர்கள் காமிக்ஸில் வந்து விழுந்தது ஏன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அடுத்தவன் செய்த சாமானில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியே பழகியவர்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் கை சும்மா இருக்குமா? சம்பளமில்லாமல் குறை சொல்ல ஓர் இடம் வேண்டியிருக்கிறது.

பழைய புத்தகம் ஒன்றை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். திறக்க மாட்டார். முதலில் மூக்கருகே கொண்டுபோவார். பிறகு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நடுமுதுகில் உள்ள பின்னைப் பார்ப்பார். துரு! ஆயுள் முழுக்க எஸ்டேட்டில் துருவோடு சண்டை போட்டவர், அதை வீட்டுக்குள்ளும் வர விடுவாரா?

"பின் துரு. அட்டை ஓகே. முதுகுல ஒரு எம்.எம். பிரிஞ்சிருக்கு. நடுப்பக்கம் லூசு. ரீவொர்க் பண்ணிடலாம்."

பக்கங்களை எண்ணுவார். ஒரு பக்கத்தில் நின்றுவிடுவார். வில்லனுக்கு எந்தப் பையனோ எந்தக் காலத்திலோ நீல மை பேனாவால் மீசை வரைந்திருக்கிறான்.

"ரிஜெக்ட்."

"கதை எப்படி சார்?" என்று நீங்கள் கேட்டுவிடக் கூடாது. "கதையா?" என்று அவர் திருப்பிக் கேட்கிற தோரணையில், நாலு பேர் நடுவில் கேட்கக் கூடாத எதையோ கேட்டுவிட்டோம் என்று தோன்றும்.

படிக்காதவர் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் பன்னிரண்டு வயதுக்குள் படித்து முடித்துவிட்டார். 1972 ஜனவரியில் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'தான். ஆய்வுக்கூடத்து விபத்தில் கையை இழந்து இரும்புக் கை மாட்டிக்கொண்ட லூயிஸ் கிராண்டல், 1962-ல் லண்டன் 'வேலியண்ட்' வாரப் பத்திரிகையில் பிறந்தவர். வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். 'வேலியண்ட்' 1976-லேயே நின்றுபோனது. சொந்த ஊர்க்காரர்கள் கைவிட்ட மாயாவியைச் சிவகாசி தத்தெடுத்து இன்றுவரை சோறு போட்டுக்கொண்டிருக்கிறது.

மயிலாப்பூர்ப் பையன்களுக்கு மாயாவி வெறும் கற்பனை. அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டி வளர்ந்தவர்களுக்கு அப்படியில்லை. பவர் பிரஸ்ஸில் விரல் போனவர் தெருவிலேயே இருப்பார். மெஷினில் கை மாட்டுவது என்றால் என்னவென்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆகவே இங்கே பையன்கள் கேட்ட கேள்வியே வேறு: மாயாவிக்கு இ.எஸ்.ஐ.யில் எவ்வளவு கொடுத்தார்கள்? அடுத்த கேள்வி மின்வெட்டு. தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலத்தில் மண்ணூர்பேட்டையில் மாயாவி குடியிருந்திருந்தால், மறைவதற்கு இன்வெர்ட்டர் வாங்கியிருக்க வேண்டும்.

காமிக்ஸ்காரருக்கு என்று தனிப் பஞ்சாங்கம் ஒன்று உண்டு. 1984 என்றால் நமக்கெல்லாம் அக்டோபர் 31, இந்திரா காந்தி. அவருக்கு ஜூலை. அந்த மாதம் 1-ஆம் தேதி தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் வந்தது: ஜேம்ஸ்பாண்டின் 'அழகியைத் தேடி', விலை ஒன்றரை ரூபாய். அதே மாதம் சிவகாசியில், சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் 'கத்தி முனையில் மாடஸ்டி'யோடு லயன் காமிக்ஸைத் தொடங்கினார். "ஒரே மாசத்துல ரெண்டு பேரும் வந்தா, சின்னப் பையன் காசுக்கு எங்க சார் போவான்?" என்று இன்றைக்கும் ஆற்றாமையோடு கேட்கிறார். வீட்டில் அரிசி வாங்கக் கொடுத்த காசு எப்படிக் குறைந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இதுவரை அவரிடமிருந்து வரவில்லை.

1985 மே 30, மூர் மார்க்கெட் தீ. அந்தச் சிவப்புக் கட்டடத்தின் அழகைச் சொல்லி ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இவர் உள்ளே பழைய புத்தகக் கடைகளில் என்னென்ன நம்பர்கள் எரிந்திருக்கும் என்று மட்டும் ஏங்குவார். 1991, சோவியத் யூனியன் போனது. இவர் பொதுவுடைமைக்காரர் அல்லர், யூனியன் சந்தாவையே முணுமுணுத்துக்கொண்டு கட்டியவர். ஆனால் மாஸ்கோவில் அச்சாகிப் பளபளவென்று தமிழில் வந்துகொண்டிருந்த படப்புத்தகங்கள், சினிமா டிக்கெட் விலைக்குக் கெட்டி அட்டை போட்டுக் கிடைத்தவை, அதோடு நின்றுபோயின. கோர்பச்சேவை அவர் மன்னிக்காத காரணம் அது ஒன்றுதான். அந்தப் புத்தகங்களை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்த நியூ செஞ்சுரி புக் ஹவுஸின் அலுவலகம் இன்று இதே அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிறது. அதைத் தாண்டிப் போகும்போது செருப்பைக் கழற்றாத குறை.

2005-ல் ராணி காமிக்ஸ் நின்றது இவர் வீட்டில் துக்கம். 2012-ல் லயன் புதுப்பொலிவோடு திரும்பி வந்தது பண்டிகை. சொந்தக் கல்யாண தேதிதான் சட்டென்று வராது. "'தங்கக் கல்லறை'க்கு முன்னாடியா, பின்னாடியா..." என்று கேப்டன் டைகரை வைத்துக் கணக்குப் போட்டு வருஷத்துக்கு வந்துசேர்வார்.

இனி, பகிர்தல். இந்தச் சொல் அவர் வாயில் அடிக்கடி வரும். "நம்ம சந்தோஷத்தை நாலு பேரோட பகிர்ந்துக்கணும் நண்பரே." காமிக்ஸ்காரர்கள் ஒருவரையொருவர் 'நண்பரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். சிவகாசி விஜயன் மட்டும் 'எடிட்டர் சார்'. இருபத்தைந்து வருஷமாகப் பழகும் ஆவடிக்காரரின் முழுப்பெயர் இவருக்குத் தெரியாது. அவரிடம் இல்லாத நம்பர்கள் மட்டும் மனப்பாடம்.

பகிர்வதில் படிகள் இருக்கின்றன. முதல் படி, இருக்கிறது என்று சொல்வது. பாதிப் பேருக்கு அதோடு சரி. இரண்டாவது, காட்டுவது. அலமாரிக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து. மூன்றாவது, பாலிதீன் உறைக்குள் இருக்கும்போதே தொட விடுவது. நான்காவது படிக்கு ஏறியவர்கள் எங்கள் பகுதியில் மிகச் சிலர்: அவர் வீட்டிலேயே உட்கார்ந்து படிக்க அனுமதி. கை கழுவ வேண்டும், கழுவிய கை காய வேண்டும். முறுக்குத் தட்டு எதிர் அறைக்குப் போய்விடும். பக்கம் படபடக்கும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார், மே மாதமானாலும். வேர்வை சொட்டினால் அதற்கும் ஒரு முறைப்பு. புத்தகத்தைப் பாதிக்கு மேல் விரிக்கக் கூடாது, ஆகவே இடதுபக்கக் கட்டத்தை எட்டித்தான் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து உங்கள் கட்டைவிரலையே கவனித்துக்கொண்டிருப்பார். கதையில் டெக்ஸ் வில்லர் எதிரியின் மேல் துப்பாக்கியை நீட்டும் கட்டம் வரும்போது, நம் முதுகிலும் ஒரு குழாய் அழுத்துவது போலிருக்கும்.

இரவல் என்ற ஐந்தாம் படியை அந்த வீட்டில் கட்டவே இல்லை.

இத்தனைக்கும் இவர்கள் படித்தது அத்தனையும் இரவலில். வாடகைப் புத்தகக் கடையில் நாளைக்குச் சில பைசா கொடுத்து ஒருவன் வாங்கிவந்தால், தெருவே படித்துவிட்டு மறுநாள் காலையில் அவன் கையில் கொடுக்கும். ஒரு பிரதியை முப்பது பேர் படித்த காலம் அது. இப்போது ஒருவரிடம் ஒரே புத்தகம் மூன்று பிரதி: வைத்துக்கொள்ள ஒன்று, மாற்றிக்கொள்ள ஒன்று, இந்த இரண்டுக்கும் ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒன்று. படிக்க? புதிதாக வருகிற புத்தகங்களுக்கு உறையே பிரிக்கவில்லை. "பிரிச்சா வேல்யூ போயிடும்."

மாற்றிக்கொள்ளும் காட்சியைத் தவறவிடக் கூடாது. ஆவடி நண்பருக்கும் மண்ணூர்பேட்டை நண்பருக்கும் பொதுவான இடம், எஸ்டேட் பஸ் நிலையத்து டீக்கடை. ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் வருவதில்லை. வந்தால் அலமாரியைப் பார்த்துவிடுவார்களே. இருவரும் மடியில் மஞ்சள் பையை வைத்துக்கொண்டு முதலில் பிள்ளைகளின் படிப்பு, முழங்கால் வலி எல்லாம் விசாரிப்பார்கள்.

"அப்புறம் நண்பரே, கொண்டாந்தீங்களா?"

"கொண்டாந்தேன். நீங்க?"

"கொண்டாந்தேன். முதல்ல உங்களதைக் காட்டுங்க."

"சேர்ந்தே எடுப்போமே."

பனிப்போர்க் காலத்தில் பெர்லின் பாலத்தில் ஒற்றர்களை மாற்றிக்கொண்டவர்கள்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள். புத்தகங்கள் ஒரே நேரத்தில் வெளியே வரும், ஒரே நேரத்தில் கை மாறும். பின்னைப் பார்க்கிற சோதனை இரண்டு பக்கமும் நடக்கும். டீ ஆறிப்போகும். வீட்டுக்குப் போய் ஆவடிக்காரர் மனைவியிடம் சொல்வார்: "பாவம், மனுஷனுக்கு அதோட மதிப்பே தெரியல." இவரும் இங்கே மனைவியிடம் அதையே சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் ஜெயித்த வியாபாரம் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்க வேண்டும்.

மனைவிமார் தரப்பையும் சொல்லியாக வேண்டும். அவர்களுக்கு அது 'பொம்மைப் புக்கு', கோபம் வந்தால் 'குப்பை'. நம்மவர் கைவசம் ஓர் ஆயுதம் வைத்திருக்கிறார்: ரோஜா முத்தையா.

"கோட்டையூர்ல போர்டு எழுதிட்டிருந்தவர்டீ அவர். வீடு முழுக்கப் பழைய புக்கு, நோட்டீஸு, கல்யாணப் பத்திரிகை. ஊரே சிரிச்சுது. அவர் காலத்துக்கப்புறம் என்ன ஆச்சு? சிகாகோ யுனிவர்சிட்டி வந்து மொத்தமா வாங்கிச்சு. ஆராய்ச்சி நூலகம்னு இதோ, நம்ம முகப்பேர்லதான் முதல்ல வெச்சிருந்தாங்க. அப்புறம்தான் தரமணிக்குப் போச்சு."

சொன்னதில் ஒரு பிசகு இல்லை. ரோஜா முத்தையா 1992-ல் காலமானார், நூலகம் 1994-ல் தொடங்கியது. அம்மையார் அசரவில்லை.

"சிகாகோக்காரன் என்னிக்கு வரான்னு முன்கூட்டியே சொல்லுங்க. வாசல் தெளிச்சு வைக்கிறேன்."

2015 டிசம்பர் மழையில் தண்ணீர் வாசற்படி ஏறியபோது இந்த வீடுகளில் நடந்ததை அக்கம்பக்கத்தார் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ரேஷன் கார்டு, சான்றிதழ்கள், நகை எல்லாம் அம்மையார் இடுப்பில். கேஸ் சிலிண்டர் மகன் தோளில். குடும்பத் தலைவர் தலையில் அட்டைப்பெட்டி, அதன்மேல் மழைக் கோட்டு. அவர் நனைந்தபடி. மீட்க வந்த பையன் "பெரியவரே, முதல்ல நீங்க ஏறுங்க" என்று கை நீட்டினான். பெட்டியைத்தான் முதலில் கொடுத்தாராம்.

வந்த புத்தகங்களைச் சேர்ப்பதோடு நின்றால் சாதாரண மனிதர் என்று விட்டுவிடலாம். வராத புத்தகங்களுக்கும் பட்டியல் வைத்திருக்கிறார். பழைய இதழ்களின் பின்னட்டையில் 'விரைவில்!' என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் வரும். அதில் சில வரவே வராது. அந்தத் தலைப்புகளையெல்லாம் வரிசையாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பார். "வந்திருக்கும் சார். நமக்குத்தான் கிடைக்கல" என்று பழைய பேப்பர் கடைகளில் இன்னும் தேடுகிறார். காத்திருப்பதில் இவர்களை யாரும் மிஞ்ச முடியாது. தினத்தந்தியில் 1960-ல் கிளம்பிய கன்னித்தீவுக் கதை இன்னும் கரை சேரவில்லை, அதையும் வெட்டி நோட்டில் ஒட்டுகிறவர்கள் உண்டு. ஞாபகத்தை இழந்த ஒருவன் தான் யார் என்று தேடும் 'இரத்தப் படலம்' பாகம் பாகமாக வருஷக்கணக்கில் வந்தது. இடைவெளி நீண்டதில் கதாநாயகனுக்குப் போலவே வாசகர்களுக்கும் முன்கதை மறந்துபோயிற்று. 2010-ல் 18 பாகங்களும் ஒரே புத்தகமாக வந்த பிறகுதான் இரண்டு தரப்புக்கும் நினைவு திரும்பியது.

மறுபதிப்பு என்ற விஷயத்தில் மட்டும் இவருடைய மனசாட்சி இரண்டாகப் பிளந்திருக்கிறது. "எடிட்டர் சார், அதை மறுபடி போடுங்க" என்று ஈரோடு புத்தகத் திருவிழாவில் நடக்கும் வாசகர் சந்திப்பில் முதல் ஆளாக எழுந்து கேட்பவர் இவர்தான். போட்டுவிட்டால் முகம் வாடிவிடும். நேற்றுவரை தமிழ்நாட்டில் விரல் விட்டு எண்ணும் வீடுகளில் இருந்தது, இன்றைக்குப் பணம் கட்டியவனிடமெல்லாம் இருக்கிறது! பழைய கறுப்பு-வெள்ளையில் இருந்த உயிர் வண்ணத்தில் இல்லை என்று ஒரு வாரம் புலம்புவார். பிறகு இரண்டு பிரதி வாங்குவார்.

பென் டிரைவ் வந்த பிறகு தாராளம் திடீரென்று பெருகிவிட்டது. இதுவரை காகிதத்தின் ஓரத்தைக்கூடக் காட்டாதவர் "எல்லாம் போட்டுத் தரேன் நண்பரே" என்று ஆயிரக்கணக்கில் ஏற்றித் தருகிறார். வாங்கியவர் ஒன்றைக்கூடத் திறப்பதில்லை, இவருக்கும் அது தெரியும். கெட்டிக்காரத்தனமான தர்மம். எங்குமே கிடைக்காத, வெளியிட்டவரே மறந்துபோன இதழை இப்படிக் காப்பாற்றி வைப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. போன மாதம் சிவகாசியிலிருந்து வந்ததை இந்த மாதமே பி.டி.எஃப். ஆக்கிச் சுற்றுக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைச் சேகரிப்பாளர் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. சில ஆயிரம் வாசகர்களை நம்பி அச்சாகும் புத்தகம் அது. மூத்த காமிக்ஸ்காரர்களும் இந்த விஷயத்தில் கறார்தான். அந்தக் கூட்டத்தோடு டீ குடிக்க மாட்டார்கள்.

ஆனால் இவரிடம் பாராட்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது அலமாரியில் இல்லை. கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி இருக்கிறது. மேலே மார்க்கரில் 'ரிஜெக்ட்' என்று எழுதியிருக்கும். கம்பெனிப் பழக்கம். அட்டை போனவை, மீசை வரைந்தவை, குறுக்கெழுத்தை யாரோ போட்டு முடித்தவை, நூலகச் சீல் விழுந்தவை எல்லாம் அதற்குள். ராணி காமிக்ஸில் வந்த இன்னொரு மாயாவி, ஓரம் கரையான் தின்ற வாண்டுமாமா, காக்கை காளியும் வேட்டைக்கார வேம்பும் வாழ்ந்த பூந்தளிர், முதல் பக்கம் இல்லாத அம்புலிமாமா. தரத்தில் தேறாத சரக்கு. அதற்கு எந்தச் சட்டமும் கிடையாது. தெருப் பிள்ளைகள் மத்தியானத்தில் வந்து கட்டிலுக்கடியில் தலையை விட்டு இழுப்பார்கள். முறுக்குத் தின்றுகொண்டே படிப்பார்கள். ஃபேன் முழு வேகத்தில் ஓடும். வீட்டுக்கு எடுத்துப் போவார்கள், திருப்பிக் கொண்டுவருகிறவன் கொண்டுவருவான். "மாமா, இதுக்கு முடிவே இல்லியே, கடைசி பேஜ் எங்க?" என்று ஒருத்தி கேட்டால், நம்மவர் ஈசிசேரில் சாய்ந்தபடி அந்தக் கடைசி இரண்டு பக்கங்களையும் வாயாலேயே சொல்வார். கட்டம் கட்டமாக, 'டுமீல்' 'க்ரீச்' எல்லாம் சேர்த்து. கதையை மறக்கவில்லை என்பது அப்போதுதான் தெரியும். எந்த இதழ், எந்த நம்பர், எந்த வருஷம் என்று அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

மண்ணூர்பேட்டையில் காமிக்ஸ் இன்று உண்மையில் படிக்கப்படுவது அந்த ரிஜெக்ட் பெட்டியில்தான். அலமாரியில் இருப்பது பாதுகாக்கப்படுகிறது, அவ்வளவே. அதுவும் வேண்டியதுதான். ஏனென்றால் இந்தப் புத்தகங்களைப் பள்ளிக்கூடம் பிடுங்கி வைத்தது, வீடு கிழித்துப் போட்டது. மிச்சமிருப்பதில் பெரும்பகுதி இவரைப் போன்ற கஞ்சர்கள் கட்டிக் காத்தது.

ஆகவே உங்களுக்கு ஒரு விண்ணப்பம். போகிக்குப் பரணைக் காலி செய்யும்போது அட்டைப்பெட்டி ஏதாவது அகப்பட்டால், பழைய பேப்பர்க்காரர் தராசை எடுப்பதற்குள் ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளே முத்து, லயன், ராணி, பூந்தளிர் என்று ஏதாவது தெரிந்தால் எஸ்டேட் பஸ் நிலையத்து டீக்கடையில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அரை மணியில் ஆள் வந்துவிடுவார். விலை பேசுங்கள், தப்பில்லை, அவரும் பேசுவார். அட்டை கிழிந்ததை மட்டும் தனியாக எடுத்து, பெட்டிக்கென்று சொல்லிச் சும்மா கொடுத்துவிடுங்கள்.